பிரிட்ஜ் கிளப் செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்களுக்கு வணக்கம். வாராந்திர டூப்ளிகேட் ஆட்டம் (ஒரே சீட்டுகளை எல்லா மேஜையிலும் ஆடி ஒப்பிடுவது), பண்டிகை வாரங்கள் நீங்கலாக, நடந்தது. கோடைப் போட்டி நடந்தது. புதியவர்களுக்கான வகுப்பு தொடங்கிப் பாதியில் நின்றது. கற்க வந்தவர்களைவிடச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் அதிகம். ஏசி பழுது பார்க்கப்பட்டது.

அப்புறம் கன்வென்ஷன் கார்டு விஷயம், அதாவது ஒரு ஜோடி தன் ஏல ஏற்பாடுகளை எதிரணி பார்க்க எழுதிவைக்கும் தாள். இதைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் நிறையப் பேச்சு நடந்ததால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆடி மாத ஆட்டமொன்றில் ஒருவர் ஏலத்தை 2 டயமண்ட் என்று ஓப்பன் செய்தார். அந்த ஜோடியின் ஏற்பாட்டில் அதற்கும் டயமண்டுக்கும் சம்பந்தமே இல்லை: ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ ஆறு சீட்டு, பலவீனமான கை, அதாவது மல்டி. இப்படி மறைபொருள் உள்ள ஏலம் என்று எதிரணிக்குக் காட்டும் அலர்ட் அட்டையைப் பார்ட்னர் தொடவில்லை. அவர் அடுத்து வைத்த 2 ஹார்ட், ‘உனக்கு ஹார்ட் என்றால் பாஸ், இல்லாவிட்டால் மாற்று’ என்ற கேட்பு. அதற்கு ஓப்பனரும் அலர்ட் செய்யவில்லை. எதிரணி அம்மா பாவம், ஐந்து ஸ்பேடை நம்பி 2 ஸ்பேட் என்றார். அவருக்குப் பின்கையில் ஓப்பனரிடம் ஆறு ஸ்பேட். டபிள் (தோற்றால் அபராதம் கூடும்), சொன்னதற்கு மூன்று பிடி டவுன், 500 புள்ளி போயிற்று.

கேட்டால், “சைக் பண்ண உரிமை இல்லையா சார்?” கையில் இல்லாததை ஏலத்தில் சொல்லி, பார்ட்னருக்கே தெரியாமல் அடிப்பதுதான் சைக். இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்தால் அது ஏற்பாடு; 2017 சட்டப் புத்தகத்தின் 40ஆவது விதிப்படி எதிரணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆட்ட நடுவரான டைரக்டர் ஸ்கோரை மாற்றினார், அந்த ஜோடி கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

உடனே சிலர் மல்டியையே தடை செய்யச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. உலக பிரிட்ஜ் கூட்டமைப்பே பிரவுன் ஸ்டிக்கர் பட்டியலில் (கட்டுப்பாடு விதித்த விசித்திர ஏலங்கள்) மல்டிக்கு விலக்கு தந்திருக்கிறது. அது மஞ்சள் நிறம் கொடுத்துத் தனியே பிரித்த வகை வேறு. பாஸ் சொன்னாலே ஏலம் தொடங்கும் வலுவுள்ள ஓப்பனிங் கை என்று வைத்துக்கொள்ளும் முறைகள் அதில் வரும். நீண்ட டீம் மாட்ச் என்றால் முன்கூட்டியே எதிரணியின் ஏற்பாட்டுத் தாளை வாங்கிப் படித்துப் பதில் முறை யோசித்து வரலாம், இரண்டே போர்டு (இரண்டு கை) ஆடிவிட்டு அடுத்த மேஜைக்கு எழுந்து போகிற நம் ஜோடி ஆட்டத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆகவே மஞ்சள் வகை இங்கே கூடாது, மற்றதை ஆடலாம், நிரப்பிய கார்டு மேஜையில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி.

2015இல் சென்னையில் நடந்த உலகப் போட்டியில், பார்ட்னர்களை ஒருவருக்கொருவர் மறைக்கும் திரைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தாளில் எழுதிக் காட்டி விளக்கம் தருவதைப் பார்த்து மெச்சியவர்களே இங்கே கார்டை நீட்டினால், “நமக்குள்ள எதுக்கு சார் இதெல்லாம்” என்கிறார்கள். இதற்காகக் கூட்டிய சிறப்புக் கூட்டம் கோரம் இல்லாமல் ஒத்திப்போனது. அன்று வராதவர்கள்தான் விதி வந்தபின் அதிகம் ஆட்சேபித்தது. சந்தா பாக்கிப் பட்டியலிலும் பெரும்பாலும் அதே பெயர்கள். பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் ஒட்டவில்லை, இப்போதைக்கு.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பிடிங் பாக்ஸ் (ஏல அட்டைப் பெட்டி), சீட்டுக்கட்டு வகையில் சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம். கார்டு அச்சடித்த பணம் யாருடையது என்று கேட்டவர்களுக்கு: என்னுடையது.

தலைவர், செயற்குழு, டைரக்டர், தேநீர் தரும் தம்பி, எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டு வேறு யாராவது இந்தப் பொறுப்பை ஏற்றால் மகிழ்ச்சியே. இதுவரை ஒருவரும் மனு தரவில்லை. என்னையே தொடரச் சொன்னால், கார்டு இல்லாத ஜோடிக்கு மேஜை கிடையாது. வெற்றுக் கார்டுகள் ஃபிளாஸ்க் பக்கத்தில் இருக்கின்றன. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேதான்.