செல்வத்துக்கு, தகட்டுப் பெட்டி பற்றி

சேலம், அஸ்தம்பட்டி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் பழம் எடுப்பு ஆரம்பித்துவிட்டது என்றால் இனி உன்னைப் பிடிப்பது கஷ்டம். அதனால் நீ கேட்டதற்கு இப்போதே எழுதிவிடுகிறேன்.

இரைச்சல் இசைக்கு எந்த டிஸ்டார்ஷன் பெடல் (சத்தத்தைச் சிதைக்கும் கால்மிதிப் பெட்டி) வாங்கலாம் என்கிறாய். இப்போதைக்கு எதுவும் வேண்டாம், முதலில் தகட்டில் ஸ்பிரிங்கும் மைக்கும் பொருத்தி ஒரு தகட்டுப் பெட்டி செய். மெர்ஸ்போ என்றதும் எல்லாரும் 2000-ல் வந்த 50 சிடி பெட்டியையும் காது கிழியும் சத்தத்தையும்தான் பேசுகிறார்கள். மெர்ஸ்போ என்பது ஜப்பானிய இரைச்சல் இசைக்காரர் மசாமி அகிதாவின் மேடைப் பெயர், 1979-ல் டோக்கியோவில் தொடங்கியவர். கேசட்டைத் தானே தயாரித்துத் தபாலில் அனுப்பியவர். 90களின் கடைசியில் லேப்டாப்புக்குப் போனார். அதற்கு முன்பு அவர் மேஜையில் இருந்தது கான்டாக்ட் மைக் (பொருளின் அதிர்வை நேரே பிடிக்கும் மைக்) ஒட்டிய பழைய இரும்பும் ஸ்பிரிங்கும். பெடலெல்லாம் அதற்குப் பின்னால்தான். முதல் ஒலி சப்பையாக இருந்தால் எந்தப் பெடலும் காப்பாற்றாது.

சேலத்தில் தகட்டுக்கா பஞ்சம்? பாத்திரப் பட்டறை வெட்டுத் துண்டில் 0.6 மி.மீ. கேள், கனம் கூடினால் மெல்லச் சுரண்டுவது மங்கிவிடும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சாதா ஈயம் ஒட்டாது, காந்தமும் பிடிக்காது. ஸ்பிரிங்கை நட்டு போல்ட்டில்தான் முடுக்க வேண்டும்.

கான்டாக்ட் மைக்குக்கு 27 மி.மீ. பீசோ டிஸ்க் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் வில்லை; ஒரு பக்கம் பித்தளை, மறுபக்கம் வெள்ளை) எடுத்துக்கொள். ஷீல்டு ஒயரின் பின்னலைப் பித்தளையில் முதலில் பற்றவை. நடுக் கம்பியை வெள்ளைப் பக்கத்தில் வைக்கும்போது சூட்டுக்கோல் இரண்டு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. வெள்ளிப் பூச்சு உரிந்தால் டிஸ்க் குப்பைக்குத்தான். பித்தளைப் பக்கம் தகட்டில் படும்படி எம்-சீல் போட்டு ஒட்டு. ஸ்பாஞ்சு டபுள் டேப் மேல் சுருதியை எல்லாம் தின்றுவிடும். பின்னலிலிருந்து ஒரு கம்பியைத் தகட்டு போல்ட்டுக்கும் கொடுத்துவிடு, 50 ஹெர்ட்ஸ் உறுமல் பாதி அடங்கும்.

முக்கியமான இடம் இதுதான். பீசோவை நேரே மிக்சர் லைனில் சொருகினால் தகர டப்பா சத்தம்தான் வரும். குறை பீசோவில் இல்லை. அது சுமார் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர்; மிக்சர் உள்ளீடு 10 கிலோஓம். இரண்டும் சேர்ந்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலி சரிந்துவிடும். நடுவில் ஒரு எஃப்.இ.டி. பஃபர் (பீசோவின் ஒலி சரியாமல் மிக்சருக்குக் கடத்தும் சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்) போடு: பி.எஃப்.டபிள்யூ.10 டிரான்சிஸ்டர், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம், சோர்ஸில் 4.7 கிலோஓம், வெளியே 10 மைக்ரோஃபாரட், 9 வோல்ட் பேட்டரி. இப்போது 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கேட்டுக்கு முன்னால் 10 கிலோஓம் மறக்காதே. சுத்தியலால் ஓங்கி அடித்தால் பீசோ பத்து இருபது வோல்ட்கூடக் கக்கும். மலைப் பனியில் டிஸ்க் ஓரம் ஈரமானால் கரகரக்கும், கனத்த கீழ் ஒலியும் போய்விடும். இரண்டு கோட் நெயில் பாலிஷ் பூசிவிடு.

ஜப்பானிய இசைக்காரர் தோஷிமாரு நகாமுரா மாதிரி மிக்சரை அதற்குள்ளேயே சுற்றவிட ஆசையென்றால், மிக்சரின் ஆக்ஸ் அவுட்டை (துணை வெளியீடு) அதன் லைன் இன்னிலேயே போடு. மைக் இன் வேண்டாம். மைக்குக்கு மின்சாரம் தரும் ஃபேண்டம் 48 வோல்ட் அணைந்திருக்க வேண்டும். சுருதியை ஈ.க்யூ. குமிழ்தான் மாற்றும், அதுவும் மயிரளவு திருப்பினாலே தாவும். நீண்ட கீச்சுச் சத்தம் ஸ்பீக்கரின் ட்வீட்டரைச் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) சுட்டுவிடும் என்பதால் சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் இல்லாமல் ஸ்பீக்கரைத் திறக்காதே. காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம், 100-ல் கால் மணி.

பீசோ பத்து வாங்கி அனுப்புகிறேன், இரண்டு மூன்று பற்றவைக்கும்போதே போகும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
முருகேசன்