மருந்து அடிக்காமல் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உழவர்களுக்கும், ஆய்வு நிலையங்களில் தினக்கூலிக்கு வந்த அக்காமார்களுக்கும், எங்களோடு வெயிலில் அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, கடைசிச் சில ஆண்டுகள் நிர்வாகப் பொறுப்பும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிர்வாகத்துக்குப் போனால் வருஷாவருஷம் ஒரு வேலை தப்பாது. வட்டாரத்துக்கு என்ன செய்தோம், புதிதாக என்ன கண்டுபிடித்தோம், எதைச் சாதித்தோம் என்று அறிக்கை எழுத வேண்டும். அதில் ரகங்களின் பெயர் இருக்கும், மகசூல் இருக்கும், ஒப்பந்தங்கள் இருக்கும், பொன்னாடை போர்த்திய படமும் இருக்கும். யாருடைய காட்டில் இதெல்லாம் நடந்தது என்பது இருக்காது. அறிக்கை என்றாலே அப்படித்தான். மடல் எழுதினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஆட்களின் பெயரைப் போட ஆரம்பித்தால் விட்டுப்போனவர் கோபித்துக்கொள்வார். அதனால் ஊர்ப்பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கே தெரியும், அது நீங்கள்தான் என்று.

முதலில் மாவுப்பூச்சி. 2008-இல் கோவையில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக அது பதிவானது. பப்பாளி மரத்தில் இலை, தண்டு, காய் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு அப்பியதுபோல் மூடிக்கொண்டது. பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர்தான், அது பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி, வேலியோரத்துப் பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. தன் ஊரில் அதைத் தின்று அடக்கிவைத்த எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தது. அதைச் சரியாக அடையாளம் காண உதவியவர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆர். முனியப்பன். அவருக்கு முதல் நன்றி. இன்ன பூச்சி, இன்ன நாட்டிலிருந்து வந்தது என்று தெரியாத வரை அதன் எதிரியை எங்கே போய்த் தேடுவது?

அடுத்த இரண்டு ஆண்டுகள் எப்படிப் போயின என்பதை உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பட்டு விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள். பட்டுப்புழு வளர்ப்பவருக்கு இது இரண்டு பக்கமும் அடி. மல்பெரியை மாவுப்பூச்சி தின்கிறது. மருந்து அடித்தாலோ அந்த இலையைத் தின்னும் புழு செத்துப்போகும். மரவள்ளிக்காரர்கள் அடிக்கத்தான் செய்தார்கள். அடுத்தடுத்து அடித்தார்கள். பூச்சியின் மேலே உள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது, கொஞ்ச நாளில் பழையபடி வெள்ளை. கடன் வாங்கி மருந்து வாங்கியவர்கள் செடியைப் பிடுங்கிப் போட்டதை நேரில் பார்த்தோம்.

2010 ஜூலையில் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரீக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்திய கூடத்தில் வைத்துச் சோதித்து, அவற்றால் இங்கே வேறு கேடு வராது என்று பார்த்த பிறகுதான் எங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நிதானத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஊரெல்லாம் கூச்சல் போடும்போது அவசரப்படாமல் இருப்பது லேசான காரியமில்லை. மூன்றில் நன்றாக வேலை செய்தது அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இளம் மாவுப்பூச்சிக்குள் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளேயே தின்று வளரும், மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகிக் கூடாகிவிடும், அதில் ஓட்டை போட்டு அடுத்த குளவி வெளியே வரும். முட்டையிலிருந்து குளவி வரை ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வாரக் கணக்கு.

சரி, ஒரு குப்பிக் குளவியை வைத்து ஒரு மாநிலத்துக்கு எப்படிக் கொடுப்பது? இங்கேதான் எங்கள் ஆய்வுக்கூடத்து அக்காமார்கள் வருகிறார்கள். உருளைக்கிழங்கை இருட்டில் முளைக்கவிட்டு, அந்த முளையில் மாவுப்பூச்சியை ஏற்றி, அது பெருகியதும் கூண்டுக்குள் குளவியை விடுவோம். புதிய குளவிகள் வந்ததும் பிடிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் மாட்டிய ரப்பர் டியூபின் ஒரு முனையை வாயில் வைத்து, மறு முனையைக் கூண்டுத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சை மெல்ல இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் குளவி செத்துவிடும், ரொம்ப மெதுவாக இழுத்தால் பறந்துவிடும். உள் சுவரில் தேன் தடவிய குப்பிக்குள் எண்ணி எண்ணி விட வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அந்தப் பூச்சியை, பேசிக்கொண்டே, எண்ணிக்கை தப்பாமல் பிடிப்பார்கள். எங்கள் முதுகலை மாணவர்கள் முயன்று பார்த்துவிட்டு அவர்களிடமே விட்டுவிட்டார்கள். அந்த மூச்சுக் கணக்கு எந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் வரவில்லை. அக்காமார்களே, நீங்கள் பிடித்துக் கொடுத்ததுதான் ஊர் ஊராகப் போனது.

2010 அக்டோபரில் வயலில் விட ஆரம்பித்தோம். குளவி என்று சொன்னதும் கூட்டத்தில் பாதிப் பேர் பின்னுக்குப் போனார்கள். கொட்டாது என்று புரியவைக்கவே நேரம் பிடித்தது. அதைவிடக் கஷ்டமான பேச்சு ஒன்று இருந்தது. குளவி விட்ட இடத்தில் மருந்து அடிக்கக்கூடாது. அடித்தால் மாவுப்பூச்சிக்கு முன்னால் குளவி சாகும். சேலம் மாவட்டத்து மரவள்ளிக் காட்டில் ஒரு பெரியவர் கேட்டதை மறக்க மாட்டேன்: “ஏனுங்க சார், அடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு காலேஜுங்களா?” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் அடிக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே, தன் காடு வெள்ளையாக நிற்பதைச் சகித்துக்கொண்டு சும்மா இருந்தார். அப்படிச் சும்மா இருந்தவர்கள் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் திருப்பூரிலும் எத்தனையோ பேர். விளைச்சல் போனால் போகட்டும் என்று எங்கள் பேச்சை நம்பியவர்கள். இந்த மடலின் பெரிய நன்றி அவர்களுக்குத்தான்.

அடுத்த ஆண்டு பூச்சி அடங்கியது. ஒரு வயலில் குளவி பெருகியதும் இலையோடு பறித்துக்கொண்டுபோய் உறவுக்காரர் தோட்டத்தில் போட்டவர்கள் உண்டு. நாங்கள் போய்ச் சேராத ஊர்களுக்கும் அப்படித்தான் குளவி போனது. பிற்பாடு பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டு, ஐந்து ஆண்டுகளில் விவசாயிகளுக்கு மிச்சமானது குறைந்தது 50 கோடி டாலர் என்று 2014-இல் எழுதினார்கள். அந்தக் கணக்கை அறிக்கையில் பெருமையாகச் சேர்த்துக்கொண்டோம். சேர்க்க வேண்டியதுதான்.

ஒரு சின்ன விஷயம், இடையில் சொல்லிவிடுகிறேன். குளவி வருவதற்கு முன்பே ஸ்பால்ஜிஸ் என்ற நம் ஊர் வண்ணத்துப்பூச்சியின் புழு மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் அசல் குரங்கு முகம். அதைக் கொண்டுவந்து, “இது என்ன பிசாசு?” என்று கேட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. எங்கள் காட்சிக்கூடத்தில் அதிகம் பேர் நின்று பார்த்தது அதைத்தான்.

பூச்சியை விட்டுக் கொஞ்சம் நெல்லுக்கு வருகிறேன். செம்மை நெல் சாகுபடி காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் 2003-04-இல் உழவர் வயல்களிலேயே சோதிக்கப்பட்டது. பதினான்கு, பதினைந்து நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, சதுரத்துக்குச் சதுரம் கயிறு பிடித்து நட வேண்டும். பூச்சிக் கணக்கெடுக்கத் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தபோது நடவுக்கு வந்த அம்மா ஒருவர், “பால்குடி மறக்காத பிள்ளையப் பிரிச்சு நடச் சொல்லுதீகளே” என்று திட்டிக்கொண்டே நட்டார். வரிசை நூல் பிடித்ததுபோல் இருந்தது. தாமிரபரணியில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. அந்த முறை வந்த ஊர் மடகாஸ்கர் என்பார்கள், கோவை என்பார்கள். நடவில் வளைந்த முதுகுக்கு எந்த ஊரும் சொல்வதில்லை.

வானொலிக்கும் ஒரு வரி. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது நான் வேலையில் இல்லை. ஆனால் திருச்சி வானொலியைக் கேட்டு விதை வாங்கிய தஞ்சாவூர்க்காரர்கள் அதை ரேடியோ நெல் என்றே கூப்பிட்டார்கள் என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நெல்லின் பெற்றோரில் ஒன்று கோவையில் 1921-இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்ற ரகம். ஆய்வுக்கூடத்தில் இருந்தது வயலுக்குப் போக நடுவில் ஒரு குரல் வேண்டும். கோவை வானொலியில் எங்களுக்காக விடிகாலையில் பேசியவர்களுக்கு நன்றி.

தென்னையில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தபோது மறுபடியும் அதே பேச்சு. மருந்து வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டுங்கள், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியைக் காப்பாற்றுங்கள். இதில் மாவுப்பூச்சி போல ஒரே அடியாக வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஓலையில் கரும்பூசணம் இன்னும் படிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனைமலைக்காரர்கள் இன்னும் எரிச்சலில்தான் இருக்கிறார்கள். அப்படியும் பொறுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

அப்புறம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர். மரவள்ளிக்கு என்றே வேறொரு மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு நம் பக்கமும் வந்துவிட்டது. எழுபதுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கிய குளவிப் பணிக்குத்தான் சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியான அனகைரஸ் லோபெசியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருப் பணியகத்து நண்பர்கள் வரவழைத்தார்கள். 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். இந்த முறை குளவி என்றதும் யாரும் பின்னுக்குப் போகவில்லை. “எப்ப சார் எங்க காட்டுக்குத் தருவீங்க?” என்றுதான் கேட்டார்கள். கையிருப்பு போதாமல் நிலையத்துக்காரர்கள் வரிசை போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தின் வட்டாரத் தாக்கம் என்று பெரிய வார்த்தையில் எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அந்த வரிசைதான்.

ஓட்டுநர்கள், வேளாண் துறையின் உதவி அலுவலர்கள், வேளாண் அறிவியல் நிலையத்தில் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்கள், என் எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்து நன்றி.

ஒரு வேண்டுகோள். பப்பாளியிலோ மரவள்ளியிலோ வெள்ளையாக எதையாவது பார்த்தால் மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு இலையைக் கிள்ளி உறையில் போட்டுப் பக்கத்து நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். உப்பிப்போன பழுப்புக் கூடுகள் இலையில் தெரிந்தால் குளவி ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரேயரைக் கழுவி வைத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய பூச்சி வாத்தியார்,
கோயம்புத்தூர்