வண்ண மீன் கடைக்காரர்களுக்கு: அந்த ஆமைக் குட்டி வளரும்

வண்ண மீன் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

ஏழு வருடங்களுக்கு முன் உங்களில் ஒருவர் கடையில் என் மகளுக்கு ஓர் ஆமைக் குட்டி வாங்கினேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, அதே பேச்சை அப்புறம் வேறு பல கடைகளிலும் கேட்டுவிட்டேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தை இழுத்துவிட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு. "இவ்வளவுதாங்க வளரும், ஆண் குட்டி, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி, பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த டப்பாவையும் தீனி பாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்தார். மகள் முத்து என்று பெயர் வைத்தாள்.

போன வருடம் ஒரு காலையில் பார்த்தால், தொட்டியின் அடியில் நீளவாக்கில் நான்கு வெள்ளை முட்டைகள். (ஆண் சேராமலேயே பெண் ஆமை முட்டையிடும், பொரிக்காது.) முத்துவின் ஓடு அப்போது 21 சென்டிமீட்டர். ஆண் என்றால் முன்கால் நகங்கள் நீண்டிருக்க வேண்டும், வாலும் தடித்திருக்கும். அந்த நகங்களைப் பெண்ணின் முகத்துக்கு நேரே படபடவென்று ஆட்டித்தான் அது துணை தேடும். முத்துவுக்கு நகம் குட்டை. சரி, குட்டியாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, அதை விட்டுவிடலாம். அளவைப் பற்றிச் சொன்னதைத்தான் விட முடியவில்லை.

நீங்கள் ரெட் இயர் என்று விற்கும் இந்தச் செங்காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. ஓடு 25 சென்டிமீட்டரைத் தாண்டலாம். நன்றாக வைத்துக்கொண்டால் முப்பது வருடம்கூட இருக்கும். சின்ன டப்பாவில் வைத்தால் சின்னதாகவே இருக்கும் என்பது கதை. வளராத ஆமை பெரும்பாலும் நோயில் கிடக்கிற ஆமை. வெயில் காட்டாமல் அடைத்து வைத்தால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். தீனி சரியில்லை என்றால் இமை வீங்கிக் கண் திறக்காது. அப்படியே செத்துப்போகிறவை நிறைய. பிழைத்தது சாப்பாட்டுத் தட்டு அளவு ஆனதும், தண்ணீர் நாற்றம் தாங்காமல் மக்கள் உங்களிடம்தான் வந்து நிற்கிறார்கள். நானும் வந்து நின்றேன். "கோயில் குளத்துல விட்டுடுங்க சார், புண்ணியம்" என்று பதில் வந்தது.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பயந்த ஊர் இது. இப்போது வாஸ்து என்று காசு கொடுத்து வாங்குகிறோம், அலுத்ததும் புண்ணியம் என்று குளத்தில் விடுகிறோம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணினேன். தண்ணீரில் சாய்ந்து கிடந்த ஒரே மரக்கிளையில், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, ஒன்பது ஆமைகள் வெயில் காய்ந்தன. எழுந்து கிட்டே போனதும் தொப் தொப் என்று வழுக்கி உள்ளே இறங்கின. செங்காது ஆமைக்கு ஆங்கிலத்தில் ஸ்லைடர், அதாவது வழுக்குவது, என்ற பெயரே அதனால்தான். வயதான ஆணுக்குக் கோடு மங்கி உடம்பே கருத்துவிடுவது உண்டு, ஆகவே சிவப்புக் கோடு இல்லையென்றால் நம்மூர் ஆமை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

நம்மூர்ப் பால் ஆமையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் குழப்பமே வராது. அதன் முதுகில் கட்டம் கட்டமான தகடுகள் கிடையாது, வழவழவென்று தோல்தான். மூக்கு குழாய் மாதிரி நீண்டிருக்கும், மூச்சுக்கு அதை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டும். பின்கால்களை உள்ளே இழுத்ததும் அடியில் இரண்டு மடல்கள் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். அதை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்நிய ஆமைதான் கடைக் கண்ணாடிக்குள் தைரியமாக நீந்துகிறது.

நம் குளங்களில் இன்னொரு ஆமையும் உண்டு, முதுகில் மூன்று வரம்புகள் ஓடும் கருப்பு ஆமை. அதுவும் கரையேறி வெயில் காய்வதுதான். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், சூடு ஏறாவிட்டால் தின்றது செரிக்காது. கிளையோ ஒன்று, அதில் ஏற்கெனவே ஒன்பது பேர். பிரான்சில் அந்த நாட்டுக் குளத்து ஆமையையும் செங்காது ஆமையையும் ஒன்றாக விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெயில் விழும் நல்ல இடங்களை வந்தது பிடித்துக்கொள்ள, உள்ளூர் ஆமை ஒதுங்கிப்போனது. எடை குறைந்தது, சாவும் கூடியது.

குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா கிருமி தொற்றுகிறது என்று, ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இலேயே தடை போட்டது. செங்காது ஆமை இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் நிறுத்தியது. இங்கே சென்னை விமான நிலையத்திலும் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்த குட்டிகளை ஆயிரக்கணக்கில் பிடித்திருக்கிறார்கள். உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்து போடுகிறவரிடம் நீங்கள் கேளுங்கள்.

கடையை மூடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அடுத்த லோடில் ஆமை வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் இருப்பது தீரும்வரை, வாங்க வருபவரிடம் எவ்வளவு வளரும் என்பதைச் சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் திரும்பிப் போனாலும் பரவாயில்லை. வளர்ந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் மறுக்காமல் வாங்கி வையுங்கள், குளத்தைக் கை காட்டாதீர்கள்.

முத்து இப்போது எங்கள் மொட்டை மாடியில், சிமெண்ட் தொட்டிக்குள் போட்ட செங்கல் மேல் ஏறி வெயில் காய்கிறாள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். பெரிசாகப் பிரிண்ட் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். குட்டிகள் இருக்கும் தொட்டிக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்