தவளை எப்படிங்க தவலை ஆச்சு?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ரெண்டு வாரம் முந்தி சிறுவர் பக்கத்துல ஒரு விடுகதை போட்டிருந்தீங்க, குளத்துல குதிக்கும், தலையெழுத்தை எடுத்தா கையில குலுங்கும், அது என்னன்னு. எங்க பொண்ணு ரெண்டே நிமிஷத்துல தவளை, வளைன்னு எழுதிட்டா. போன வாரம் விடையைப் பாத்தா 'தவலை'ன்னு அச்சாகியிருக்கு! தவலைன்னா பெரிய பாத்திரம்ங்க, அதுல 'த'வை எடுத்தா மிஞ்சறது வலை, அதுல மீனைப் பிடிக்கலாம், கையில போட்டு குலுக்க முடியுமா? பேப்பர்ல வந்ததுதான் சரின்னு நெனச்சு அவ, சரியா எழுதின 'ளை'யை அழிச்சுட்டு 'லை' போட்டுட்டா, அதான் எனக்கு தாங்கல.

டைப் பண்றவங்க கஷ்டம் தெரியும், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழ் வரவைக்கிற கீபோர்டுல ஷிப்ட் அழுத்த மறந்தா ள போய் ல வந்து உக்காந்துக்கும். வேற செய்தின்னா படிக்கிறவங்களே புரிஞ்சுக்குவாங்க, ஆனா இந்த மாதிரி விடுகதைல அந்த ஒரு எழுத்துதானே சரக்கே.

இன்னொண்ணு, சில புதிர் கண்ணுக்கு, சில புதிர் காதுக்கு, ரெண்டையும் ஒண்ணா கலந்து போடறீங்க. 'தேரு வருதே'வை திருப்பிப் படிச்சாலும் அதேதான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வாய்விட்டு சொல்லிப் பாருங்க, முதல்ல வர்ற தே அழுத்தமா இருக்கும், கடைசில வர்ற தே இளகி வரும், எழுத்து ஒண்ணு சத்தம் ரெண்டு. விகடகவிக்கு இந்த தொல்லை இல்ல, ரெண்டு க-வும் நடுவுல மாட்டிக்கிட்டதால ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அதே மாதிரி பந்தம், தீப்பந்தத்துல ஒரு சத்தம், சொந்தபந்தத்துல ஒரு சத்தம், நம்ம கிட்ட இருக்கறது ஒரே 'ப' தானே. இதையெல்லாம் வீட்ல யாராவது சத்தமா படிச்சு பசங்க பதில் சொன்னாதான் ருசி. மாறா ஏரி-ஏறி, மனம்-மணம் மாதிரி ஜோடிங்கள பேச்சுல நம்மள்ல பாதிப்பேர் ஒண்ணாத்தான் சொல்றோம் (நானும்தான், ஒத்துக்கறேன்), அதை வாயால கேட்டா அழுகுணி ஆட்டம், எழுதிக் காட்டித்தான் கேக்கணும். அதனால ஒவ்வொரு புதிர் பக்கத்துலயும் கண்ணா காதான்னு சின்னதா ஒரு படம் போட்டுடுங்களேன், பெரிய செலவில்ல.

தவளைக்கு ஒரு திருத்தமும் போடுங்க, பொண்ணு காத்திட்டிருக்கா. என் பங்குக்கு ஒரு புதிர்: நாலு எழுத்து, வானத்துல வட்டம் போடும், ரெண்டாவது எழுத்தை எடுத்தா தரையில உருண்டு ஓடும். விடையை நான் எழுதல, உங்களுக்கே தெரியும், அச்சடிக்கும்போது மட்டும் சின்ன 'ரு'ங்க, பெரிய 'று' போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
புதிர் பக்கத்தை முதல்ல படிக்கிற ஒரு வாசகர்