மியூஸ்லி டப்பா பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

நலம். முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. மருமகள் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்த மியூஸ்லி டப்பாவின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறாயே, தணிக்கைக்காரப் புத்தி ரிட்டயர் ஆகாது போல! ஓட்ஸ், கார்ன் ஃப்ளேக்ஸ், அரிசிப் பொரி, பார்லி மால்ட், உலர்ந்த திராட்சை, பாதாம். "இதில் நம்ம சரக்கு எதுடா, இதை வீட்டிலேயே கலக்க முடியாதா?" என்று கேட்டிருந்தாய். கலக்கலாம். ஆனால் எந்தத் தானியம் எப்போது தண்ணீர் குடித்தது, எப்போது தீயைப் பார்த்தது என்று தெரியாமல் கலந்தால் பாதி கூழாகும், பாதி கல்லாகும்.

முதலில் கார்ன் ஃப்ளேக்ஸ், அதாவது மக்காச்சோளத் தகடு. அதைச் செய்கிற விதத்தைக் கேட்டால் சிரிப்பாய், அசப்பில் நம் அவல்தான். அவலுக்கு நெல்லை வெந்நீரில் ஒரு ராத்திரியோ, பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாளோ ஊறவைத்து, வடித்து, சூடான சட்டியில் வறுப்பார்கள். ஒன்றிரண்டு மணி வெடிக்கத் தொடங்கியதும் சூடு ஆறுவதற்குள் உரலில் போட்டு இடிக்க வேண்டும். ஆறவிட்டால் அவலுக்குப் பதில் குருணைதான் கிடைக்கும். ஊறிய மாவுச்சத்து சூட்டில் வெந்து இளகியிருக்கும்போது மட்டுமே நசுங்கித் தகடாகும். குறுந்தொகையில் தொண்டிப் பெண்கள் அவல் இடித்த உலக்கையை வயல் வரப்பில் கிடத்திவிட்டு விளையாடப் போகிறார்கள். அது பாசவல், பச்சை நெல்லில் இடித்தது. அதில் ஈரம் ஏற்கெனவே இருப்பதால் ஊறவைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் ஊரில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவர் ஒரு சானடோரியம் நடத்தினார். 1894-ல் அங்கே வேகவைத்த கோதுமை கவனிப்பாரின்றி வெகுநேரம் கிடந்துபோனது. எறிய மனமில்லாமல் உருளையில் விட்டபோது மாவு விரிப்பாக வராமல் ஒவ்வொரு மணியும் தனித்தனித் தகடாக வந்தது. காரணம் அந்தக் 'கிடந்துபோன' நேரம்தான். வெந்த மணியில் மேற்புறம் ஒரு ஈரம், நடுவில் ஒரு ஈரம் இருக்கும். சில மணி நேரம் மூடிவைத்தால் ஈரம் உள்ளும் புறமும் ஒன்றாகும். உடனே உருட்டினால் ஈரமான இடம் உருளையில் ஒட்டும், காய்ந்த இடம் நொறுங்கும். 1896-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். தம்பி வில் கீத் கெல்லாக் 1906-ல் தனிக் கம்பெனி தொடங்கி, மக்காச்சோளத் தகட்டை ஊர் ஊராக விற்றார். ஆலையில் இன்றைக்கும் அதே வரிசைதான்: தோலும் முளைக்கருவும் நீக்கிய மக்காச்சோள நொய்யைச் சர்க்கரை, உப்பு, முளைகட்டிய பார்லியான மால்ட்டோடு நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, அரைகுறையாகக் காயவைத்து, கிடக்கவிட்டு, உருட்டி, கடும் அனலில் வாட்டுவார்கள். கருவை நீக்குவது ஏனென்றால் எண்ணெய் அதில்தான் இருக்கிறது, விட்டால் டப்பாவிலேயே காறிப்போகும். கடைசியில் வாட்டுகிற வேலை அவலுக்குக் கிடையாது. கார்ன் ஃப்ளேக்ஸ் மொறுமொறுப்பதும் அவல் தண்ணீரில் மெத்தென்று ஆவதும் அதனால்தான்.

மக்காச்சோளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெக்சிகோக்காரர்கள் அதை வெறுமனே வேகவைக்க மாட்டார்கள். ஒரு கிலோ சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பத்து கிராம் சுத்தமான நீற்றின சுண்ணாம்பு. அரைமணிக்கு மேல் கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவைத்து, காலையில் தோல் கழன்று வரும்வரை தேய்த்துக் கழுவி அரைப்பார்கள். அந்த மாவைக் கரைத்துக் காய்ச்சி, வெல்லமும் பட்டையும் போட்டால் அத்தோலே என்கிற காலைக் கஞ்சி. சுண்ணாம்பு தோலைக் கழற்ற மட்டுமல்ல. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் கட்டுண்டு கிடக்கிறது, சுண்ணாம்புதான் அதை அவிழ்க்கிறது. விதையைக் கொண்டுபோன ஐரோப்பா இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. சோளமே கதி என்றிருந்த ஏழைகளுக்குத் தோல் கறுத்து உரிந்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா வந்தது. ஸ்பெயினில் 1735-ல் காஸ்பர் காசல் அதைக் கவனித்து எழுதினார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் ஆராய்ந்து, இது தொற்றுநோயல்ல, சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். உன் டப்பாவில் நியாசின் சேர்த்திருப்பதாகப் போட்டிருந்தால் அதன் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

பொரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஆண்டர்சன் அரிசியை மூடிய குழாயில் சூடாக்கி, வாயைப் பட்டென்று திறந்து பொரித்தார். 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பீரங்கி மாதிரிக் கருவியில் அதைச் செய்துகாட்டினார்கள். பீரங்கி அங்கே அழுத்தத்தால் செய்வதைப் பொரிக்காரரின் சுடுமணல் சட்டி திடீர்ச் சூட்டால் செய்கிறது. அரிசிக்குள் இருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகித் தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்ஸில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மற்றத் தானியங்களைவிட அதில் கொழுப்பு அதிகம், அந்தக் கொழுப்பைக் கெடுக்கும் நொதியும் கூடவே இருக்கிறது. உமி நீக்கியதும் ஆவி காட்டி நொதியை அடக்காவிட்டால் சில நாளில் கசக்கும். ஆகையால் கடையில் கிடைக்கும் ஓட்ஸ் தகடு எதுவும் பச்சை இல்லை, பாதி வெந்ததுதான். முழு மணியைத் தட்டினால் ரோல்டு ஓட்ஸ். மணியைத் துண்டாக்கி இன்னும் மெல்லிசாகத் தட்டினால் குயிக் ஓட்ஸ். இரண்டாவதை ராத்திரி ஊறவைத்தால் காலையில் பசைதான்.

மியூஸ்லி என்ற பெயரே கூழ் என்பதன் செல்லச்சொல். சூரிச் மருத்துவர் பிர்ச்சர்-பென்னர் 1900-ஐ ஒட்டித் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தது பழ உணவு. ஓட்ஸ் அதில் ஒப்புக்குத்தான். ஒரு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ், மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவேண்டும். சாப்பிடும் முன் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி இனிப்பு கண்டென்ஸ்டு மில்க், பிறகு ஒரு பெரிய ஆப்பிளைத் தோலோடு நேராகக் கலவைக்குள்ளேயே துருவிக் கிளறவேண்டும். மேலே ஒரு மேசைக்கரண்டி பொடித்த பாதாம். ஆப்பிளை முன்கூட்டித் துருவி வைத்தால் கறுத்துவிடும். சாற்றை முதலில் விடுவதும் அதற்குத்தான். இப்போது டப்பாவில் விற்பதில் தானியம் நிறைந்து பழம் சுருங்கிவிட்டது, கணக்குத் தலைகீழ். சுவிட்சர்லாந்தில் இதை ராத்திரிச் சாப்பாடாகவும் சாப்பிடுவார்கள், மருமகளிடம் சொல்.

வீட்டில் கலக்க என் அளவு: ரோல்டு ஓட்ஸ் இரண்டு கப், கெட்டி அவல் ஒரு கப் (சிவப்பு என்றால் உத்தமம், மெல்லிசு அவல் வேண்டாம், கரைந்துவிடும்), உடைத்த பாதாமோ வேர்க்கடலையோ அரை கப், உலர்ந்த திராட்சை கால் கப், பொரி அரை கப். ஒன்றாகக் கொட்டி வறுக்காதே. ஓட்ஸைச் சின்னத் தீயில் வாசம் வரும்வரை, அவலை விரலால் ஒடித்தால் படக்கென்று முறியும்வரை, கடலையை வேறாக. திராட்சை அடுப்பைப் பார்க்கவே கூடாது, கருகிக் கசக்கும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே திராட்சையும் பொரியும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து மறுநாளே நமத்துப்போகும். திராட்சை ஈரப்பசையாக இருந்தால் அதைத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டு கிண்ணத்தில் சேர், இல்லாவிட்டால் பொரி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதே, முதலில் கெடுவது கடலைதான்.

மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. வாங்கத் தேவையில்லை, கேழ்வரகு போதும். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒன்றரை நாள் முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்துக்கொள். முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை அறுத்துவிடுவதால் கஞ்சி கட்டியாகாது, இனிப்பும் தட்டும். கருக வறுத்தால் நொதி செத்துவிடும், அப்புறம் அது சாதாரண மாவுதான்.

உங்கள் பக்கம் அவல் ஆலையில் நெல்லை எத்தனை நாள் ஊறப்போடுகிறார்கள், எந்த நெல் எடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. கெட்டி அவல் நன்றாக இருந்தால் இரண்டு கிலோ பஸ்ஸில் போட்டு அனுப்பு, காசை வந்து தருகிறேன்.

அன்புடன்,
சிவராமன்