அப்பச்சி மறுபடி சாப்பிட உதவிய எல்லாருக்கும்

முதல் நன்றி டாக்டருக்கு இல்லை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தேவகோட்டைக் கல்யாணத்தில் எங்கள் பந்திக்குப் பரிமாறிய சமையல்கார அண்ணனுக்குத்தான். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கிறார், வடையைத் தொடவே இல்லை, சோற்றைப் பிசைந்து பிசைந்து கூழாக்குகிறார் என்பதையெல்லாம் அத்தனை கூட்டத்தில் கவனித்தவர் அவர் ஒருத்தர்தான். கை கழுவுகிற இடத்தில் என்னை நிறுத்தி, "உங்க அப்பச்சிக்கு நெஞ்சுல நிக்குது தம்பி, என் தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, குழாய் விட்டுப் பாத்துருங்க" என்றார். அதுவரை ஒரு கிளினிக்கில் கேஸ் மருந்தையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் கீழ்ப்பக்கம் கட்டி தெரிந்தது, சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். இந்த நோய்க்கு அதுதான் வழக்கமாம்: முதலில் கெட்டி ஆகாரம் நிற்கும், அப்புறம் குழைந்தது, கடைசியில் தண்ணீரும் இறங்காது. எடுத்தவுடன் கத்தி வைக்கவில்லை. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து, உடம்பு தேறச் சில வாரம் விட்டு, பிறகுதான் ஆபரேஷன்.

பணம் எப்படி என்று கேட்காதவர்கள் குறைவு. எங்கள் வீட்டு முகப்பைப் பார்த்து வசதியை எடை போடுகிறவர்களுக்கு: அது பங்காளிகள் எல்லாருக்கும் பொது, எங்களுக்கு அதில் ஒரு பங்கு, வருமானமாக ஒன்றும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் கைகொடுத்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. வருமானச் சான்றிதழை இழுத்தடிக்காமல் கொடுத்த வி.ஏ.ஓ. சாருக்கும், விடுபட்ட தாளைப் போனில் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்த காப்பீட்டுக் கவுன்ட்டர் தங்கச்சிக்கும் நன்றி.

இப்போது டாக்டர். மதுரையில் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கட்டியோடு உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குறுகலான குழாயாகத் தைத்து, அதையே நெஞ்சுக்குள் மேலே இழுத்து மிச்சக் குழாயோடு இணைப்பதாம். ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, 1913ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்பவர் ஒரு பாட்டிக்குக் குழாயை எடுத்துவிட்டு, கழுத்திலிருந்து வயிற்றுக்கு உடம்புக்கு வெளியே ரப்பர் குழாய் வைத்துச் சாப்பிட வைத்த கதையைச் சொன்னார், அந்தம்மா அப்புறம் 13 வருஷம் இருந்தாராம். அப்பச்சி உடனே, "ரப்பர் எங்களுக்குப் புதுசா டாக்டர், எங்க ஐயா மலாயாவுல ரப்பர் தோட்டந்தானே பாத்தாக" என்றார். பயம் அன்றைக்குத்தான் கொஞ்சம் விட்டது.

ஆபரேஷன் என்றால் சர்ஜன் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்து, மறுபக்கத்தால் மட்டும் மூச்சு ஓட வைத்து, அத்தனை மணி நேரம் காவல் இருந்த மயக்க மருந்து டாக்டரை நாங்கள் முகமூடி இல்லாமல் பார்த்ததுகூட இல்லை. அவருக்கும், ரத்தம் கொடுக்கக் காரைக்குடியிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி வந்த கல்லூரித் தம்பிகளுக்கும் என்ன சொன்னாலும் போதாது. டீக்குக்கூடக் காசு வாங்காமல் போய்விட்டார்கள்.

பிசியோதெரபி தங்கச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று பந்து இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, உறிஞ்சி மேலே தூக்கச் சொல்வார். தையல் இழுக்கும், அப்பச்சி திட்டுவார், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "இன்னொரு தடவை தாத்தா" என்று நிற்பார். சளி கட்டி நிமோனியா வந்தால் ஆபரேஷனே வீண் என்று எங்களிடம் மட்டும் சொன்னார். வாய்வழியாக ஒன்றும் கிடையாது, சிறுகுடலில் வைத்த டியூப் வழியாகத்தான் ஆகாரம். அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, அடைக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்துக்கொண்ட நைட் டியூட்டி சிஸ்டர்களுக்கும் நன்றி. சாயத் தண்ணீரை விழுங்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, இணைத்த இடத்தில் கசிவு இல்லை என்று சொன்ன பிறகுதான் ஆத்தா ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பின்னால்தான் பாதி வேலையே. படுத்தால் சாப்பிட்டது எதிர்க்களித்து வருகிறது என்றதும், ஆசாரி அண்ணன் பழைய உத்திரத்தில் மிஞ்சிய பர்மா தேக்குத் துண்டுகளை அறுத்துக் கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் கொடுத்தார். எதிர்வீட்டு ஆச்சி இரண்டு மணிக்கு ஒருதரம் ஒரு இட்லி, கொஞ்சம் இடியாப்பம், குழைந்த கஞ்சி என்று அனுப்புவார்கள், தண்ணீர் மட்டும் தனியாக, அரை மணி கழித்து. பிரியத்தில் ஒருவர் கொண்டுவந்த கும்மாயத்தைத் தின்றுவிட்டு அப்பச்சி வேர்த்துக்கொட்டிப் படபடவென்று வந்து படுத்துவிட்டார். இரைப்பை குழாயாகிவிட்டதால் இனிப்பு தங்காமல் சட்டென்று குடலுக்கு ஓடிவிடுகிறதாம், டயட்டீஷியன் போனிலேயே விளக்கினார்.

சரி, பார்க்க வருகிறவர்களுக்கு: தயவுசெய்து இனிப்பு வேண்டாம், "இப்படி இளைச்சுட்டீகளே" என்ற பேச்சும் வேண்டாம். விழுங்கினால் நிற்கிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் மட்டும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், சாப்பாடு வந்த கேரியர்களைக் கழுவி முகப்பில் அடுக்கி வைத்திருக்கிறோம். பெயர் வெட்டியவற்றை நாங்களே கொண்டுவந்து தருகிறோம். பெயர் வெட்டாதவை நிறைய இருக்கின்றன, சாயங்காலமாக வந்து உங்களுடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.