கோயில் மரங்களுக்குச் சரியான பெயர் எழுதுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும், சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும்

வணக்கம்.

போன ஆடியில் ஒரு கோயிலுக்குக் கூழ் பூசைக்குப் போயிருந்தேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம். வாசலுக்குப் பக்கத்தில் பெரிய மரம். இங்கே ஆடி குளிர்காலம் என்பதால் இலையெல்லாம் கொட்டி, கொத்துக் கொத்தாக மஞ்சள் பழம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அடிமரத்தில் மஞ்சள் துணி, அதற்கு மேலே ஆணியடித்த ஒரு பலகை: ‘வேம்பு’. கீழே உதிர்ந்து கிடந்த பழங்களை ஒரு பையன் பொறுக்கிக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா பலகையைப் படித்துவிட்டு, “வேப்பம்பழம்தான் கண்ணு, இனிக்கும், வாயில போட்டுப் பாரு” என்றார். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

அந்த அம்மாமேல் தப்பில்லை. அவர் ஊரில் வேப்பம்பழம் சப்பாத பிள்ளை ஏது? தப்பு பலகையில் இருக்கிறது. அது நாமெல்லாம் ‘சிரிங்கா’ என்று சொல்லும் மரம். அறிவியல் பெயர் மீலியா அசெடராக். அதன் பழம் மனிதருக்கு நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கி நரம்பு மண்டலம் வரை தாக்கும். பறவைகள் தின்கின்றனவே என்பார்கள். பறவைக்கு ஒத்துக்கொள்வது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது.

இரண்டையும் பிரித்தறிவது ஒன்றும் கடினமில்லை. ஓர் இலையைக் காம்போடு கிள்ளிக் கையில் வையுங்கள். வேம்பில் ஒரே நடுக்காம்பு, அதன் இருபுறமும் அரிவாள் போல வளைந்த, ஓரம் ரம்பமாக வெட்டிய சிற்றிலைகள். சிரிங்காவில் அந்த நடுக்காம்பே மறுபடி கிளை பிரியும், அந்தக் கிளைகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை, சிரிங்காப் பூ ஊதா. வேப்பம்பழம் நீளவாட்டில் முட்டை போல இருக்கும், சிரிங்காப் பழம் கோலிக்குண்டு போல உருண்டை. நான் முப்பது வருஷம் பள்ளியில் உயிரியல் நடத்தினேன். இதை ஒரே பாடவேளையில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இதனால் நம் முன்னோர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அம்மனுக்கு வேப்பிலை தேடினார்கள். கிடைக்காத இடத்தில் சிரிங்கா இலையை வைத்துக் கும்பிட்டார்கள். அவர்கள் கண் தப்பு செய்யவில்லை. வேம்பும் சிரிங்காவும் மீலியேசி என்ற ஒரே குடும்பம். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை வகுத்த லின்னேயஸே 1753இல் வேம்புக்கு மீலியா அசாடிராக்டா என்றுதான் பெயர் வைத்தார், அதாவது இரண்டையும் ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் கூட்டத்தில்) சேர்த்தார். 1830இல்தான் ஜுஸ்யூ என்ற பிரெஞ்சுக்காரர் வேம்பைத் தனியாகப் பிரித்து அசாடிராக்டா இண்டிகா ஆக்கினார். லின்னேயஸுக்கு அக்கா தங்கையாகத் தெரிந்தவை இப்போது ஒன்றுவிட்ட அக்கா தங்கை. அவ்வளவுதான்.

ஆனால் ‘சிரிங்கா’ என்ற பெயர் நம்மை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அறிவியலில் சிரிங்கா என்பது ஐரோப்பியத் தோட்டங்களில் வளர்க்கும் லைலாக் செடி. அது நம் மல்லிகைக்குச் சொந்தம், வேம்புக்கு இல்லை. தமிழ்ப் பெயரை மட்டும் நம்பினாலும் இதே சிக்கல்தான். மீலியா அசெடராக்கை மலைவேம்பு என்கிறோம், தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் மலைவேம்பு என்று விற்கும் கன்றோ மீலியா டூபியா. நம் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் கறிவேப்பிலைக்கும் வேம்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது எலுமிச்சைக் குடும்பம். கசக்கி முகர்ந்தால் உங்களுக்கே தெரியும். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இரண்டாவதாக வரும் சிற்றினப் பெயரான கோனிகீ, தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த லின்னேயஸின் மாணவர் கோனிக்கின் பெயர். தரங்கம்பாடிக் கரையில் செடி சேகரித்தவரின் பெயரைத் தாங்கிய மரம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் தாளிப்புக்கு இலை தருகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அந்தப் பெயரை மறக்கவே மாட்டார்கள்.

தமிழாசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. வகைப்படுத்துவது வெள்ளைக்காரன் பாடம் என்று ஒதுக்காதீர்கள். வெளியே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலும் அந்த மூன்றையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைப் பிரிவில்தான் (விதையில் ஒரே இலை உள்ள செடிகள்) வைக்கிறது. இதை வகுப்பில் சொல்ல ஒரு கோயில் தென்னை போதும்.

பெயரில் மரியாதையும் இருக்கிறது. பல கோயில் வளாகங்களில் சிவப்பாகப் பூக்கும் முள் மரம் இருக்கிறது. ஊரில் கல்யாண முருங்கை என்பார்களே, அதே எரித்ரினா பேரினம். இங்குள்ள ஜூலு மக்களின் மொழியில் உம்சின்சி. அதில் இங்கே ஒரு இனத்துக்கு எரித்ரினா கஃப்ரா என்று பெயர் இருந்தது. இந்த நாட்டில் கறுப்பின மக்களை இழிவுபடுத்திய சொல் அதற்குள் ஒளிந்திருந்ததை நாம் எல்லாரும் அறிவோம். நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் இருவர் முன்வைத்த தீர்மானத்தின்மேல் 2024 ஜூலையில் மட்ரிட்டில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 351, எதிர்ப்பு 205. கஃப்ரா என்று முடிந்த 200க்கும் மேற்பட்ட பெயர்கள் ‘அஃப்ரா’ ஆயின. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்று பொருள். உழைப்புக்குப் பெறும் காசைக் குறிக்கும் ‘கூலி’ என்ற சொல்லை நம் பாட்டன் பூட்டன் முகத்தில் வசவாக எறிந்த ஊர் இது. அந்த வலி தெரிந்த நாம், அண்டை வீட்டாருடைய வலியைச் சுமந்த பழைய பெயரை நம் கோயில் பலகையில் ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மரத்தை வெட்டச் சொல்லவில்லை, மஞ்சள் துணியை அவிழ்க்கவும் சொல்லவில்லை. ஒவ்வொரு மரத்திலும் தமிழ்ப் பெயர், ஜூலுப் பெயர் இருந்தால் அது, அறிவியல் பெயர் எழுதுங்கள். பேரினம் முதலில், சிற்றினம் பின்னால். சிரிங்கா மரத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி, ‘பழம் நஞ்சு, வாயில் வைக்காதே’ என்று தமிழ், ஜூலு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றில் கட்டுங்கள். புதிதாகச் சிரிங்கா நடவும் வேண்டாம். ஆற்றங்கரைகளில் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குவதால் அது அரசின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. உண்மையான வேம்பே டர்பன் வெயிலில் வளரும், கன்று வைக்கலாம்.

எந்த மரம் என்று சந்தேகம் வந்தால் இலையும் பூவும் பழமும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவிடுங்கள். எங்கே, எந்தத் தேதியில் பறித்தது என்று குறியுங்கள். 1882இல் தொடங்கிய தாவர மாதிரிக் காப்பகம் நம் டர்பனிலேயே, தாவரவியல் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளோடு அந்தக் கிளையை எடுத்துக்கொண்டு போகலாம். எந்தக் குழு கூப்பிட்டாலும் நான் கூட வருகிறேன். அடுத்த ஆடிக்குள் முதல் பலகையாவது மாற வேண்டும். அந்தப் பையன் இந்த முறையும் வருவான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
சாட்ஸ்வர்த்